நிழல் வேலை

குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் குதிரை லாயத்தைப் பஞ்சாலை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீலகிரியில் பஞ்சு எங்கே விளைகிறது, மில் எங்கே இருக்கிறது? விசாரித்தால் விஷயம் இதுதான். கீழே சமவெளியில் மில் நடத்தி மூடிவிட்ட ஒரு குடும்பத்துக்கு மேலே கோடை பங்களா இருந்தது. மில் நின்ற இடத்தை மனை போட்டு விற்றுவிட்டு, இயந்திரங்களில் நாலைந்தை மட்டும் லாரியில் மலையேற்றி வைத்துவிட்டார்கள். கீழே வெயிலிலும் மழையிலும் கிடந்தால் துருப்பிடித்துவிடும் என்று கவலைப்பட்டிருப்பார்கள். அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றி அப்படி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதை வீட்டில் வாய் தவறி ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். "நூல் நூக்குற மெஷினும் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். "என்னயக் கூட்டிட்டுப் போ" என்றாள். எங்கள் வீட்டில் பஞ்சு, மில், நூல் என்ற வார்த்தைகளை நாங்கள் பேசுவதே இல்லை. தலையணையைக்கூட இலவம் பஞ்சு அடைத்தது என்று சொல்லாமல் சும்மா தலையணை என்றுதான் சொல்வோம். அம்மாவே அதைக் கேட்ட பிறகு மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கூடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஊட்டியில் இறங்கி மாறி, குன்னூர் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் விலகியிருக்கவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தலையில் மப்ளரோ குல்லாவோ போட்டிருந்தார்கள். அம்மா மட்டும் வெறும் தலை. உச்சிக்குச் சற்று முன்னால், கொழுந்துக் கூடையின் கயிறு வருஷக்கணக்காக அழுத்திய இடத்தில் அவளுக்கு முடி கிடையாது. அந்தப் பட்டையில் பனி இறங்குகிறதே என்று எனக்குத்தான் பதைப்பு. என் சால்வையைத் தலையோடு போர்த்திவிடப் போனேன். வழக்கம்போலக் கையைத் தட்டிவிட்டாள். அக்கா செத்த நாளிலிருந்து அம்மா தலையில் துணி போடுவதில்லை.

அக்காவின் கதையைச் சொல்ல வேண்டுமானால் மண்டபம் முகாமிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். நான் பிறந்தது கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில். அம்மா பிறந்ததும் அங்கேதான், அவளுடைய அம்மா பிறந்ததும் அங்கேதான். யாருமே புறப்படாத ஒரு இடத்துக்கு நாங்கள் எப்படித் திரும்பினோம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கப்பலில் கொண்டுவந்து, ரயிலில் ஏற்றி, மண்டபத்தில் கொட்டினார்கள். கூடாரம் போன்ற ஷெட்டுகள், வெயில், உப்புத் தண்ணீர், மணல். குளிரிலேயே வளர்ந்த எங்களுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பக்கத்து ஷெட்டில் வாரம் ஒரு சாவு விழுந்தது.

அங்கேதான் ஒரு அதிகாரி வந்து, யார் யார் எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். நீலகிரியில் காட்டை வெட்டித் தேயிலை போடுகிறார்கள், அங்கே போகலாம். இல்லையென்றால் கீழே நூல் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கேயும் போகலாம். அக்காவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது. அதனால் அவளுக்கும் அத்தானுக்கும் தனிக் குடும்ப அட்டை. அவர்கள் எங்கே போவது என்பதை அவர்களே சொல்லலாம்.

அப்பா எல்லோரும் தேயிலைக்கே போவோம் என்றார். தெரிந்த வேலை, ஒன்றாக இருக்கலாம் என்பது அவருடைய கட்சி. அம்மா ஒரே பிடியாக மறுத்தாள். நானும் நீயும் எப்படியோ போகிறோம், அவளையும் ஏன் அட்டைக்கடிக்கும் மழைக்கும் கூட்டிப்போக வேண்டும் என்றாள். மில் என்றால் தலைக்கு மேலே கூரை இருக்கும். மழையில் நனைய வேண்டாம், பாறையில் சறுக்க வேண்டாம், கூடை சுமக்க வேண்டாம். "எம் மகளாச்சும் நிழல்ல வேலை பாக்கட்டும்" என்றாள். அத்தானுக்கும் ஆசைதான். அக்கா தலையாட்டினாள். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற பெண் அவள்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் இந்தப் பைத்தியம் பிடிக்கும். மழையில் நின்று நின்று, கூரை இருக்கிற இடமெல்லாம் நல்ல இடம் என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

திருச்சி ஸ்டேஷனில் பிரிந்தோம். மில்லில் பஞ்சு பறக்கும், தலையில் ஒட்டும், மூக்கில் ஏறும் என்று முகாமில் யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா தன்னுடைய தலைத்துணியை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரிடமும் இருக்கிற துணிதான். கெட்டியான பருத்தி, இடுப்புக்குக் கீழே வரை நீளம். நெற்றியை ஒட்டிப் போட்டு முதுகில் தொங்கவிடுவார்கள். அம்மா கண்டிப் பக்கம் போட்ட துணி அது, தேயிலைக் கறை ஏறிப் பழுப்பாகிவிட்டது. வேலைக்குப் போகும்போது வெறும் தலையோடு போகாதே என்றாள். அக்கா அதை மடித்துத் தகரப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தபோது அம்மா அழவில்லை. மகளுக்கு நல்லது செய்துவிட்ட தெம்பில் இருந்தாள்.

நாங்கள் கூடலூரை அடுத்த நாடுகாணிப் பக்கம் புதிதாகத் தேயிலை போட்ட மலைக்கு வந்தோம். மழை என்றால் அப்படி ஒரு மழை. எங்களுக்குக் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அட்டை, அடுப்புக்குள் தண்ணீர், ராத்திரியில் யானை. ஊர்க்காரர்கள் எங்களை சிலோன்காரர்கள் என்றார்கள். சிலோனில் எங்களை இந்தியாக்காரர்கள் என்று சொன்னவர்களைவிட இவர்கள் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும்போதெல்லாம், நல்லவேளை அவளை இங்கே கூட்டி வரவில்லை என்பாள். அதைச் சொல்லித்தான் அவள் அந்த மழையைத் தாங்கினாள் என்று நினைக்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு அக்கா வந்தாள். இளைத்திருந்தாள், இருமிக்கொண்டே இருந்தாள். இன்னும் மெஷினில் நிற்க விடவில்லை, கூட்டுகிற வேலைதான் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். மெஷின்களுக்கு அடியில் பஞ்சு பறந்து விழுந்துகொண்டே இருக்குமாம், குனிந்து குனிந்து கூட்ட வேண்டுமாம். அம்மாவின் துணியைத் தினமும் போட்டுக்கொண்டு போவதாகவும், மற்றப் பெண்கள் தேயிலைக்காரி என்று கேலி செய்வதாகவும் சொல்லிச் சிரித்தாள். அந்தத் துணி இருப்பதால் தலையில் பஞ்சு ஒட்டுவதே இல்லை என்றாள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்கம்பக்கத்துக் காம்பராக்களிலெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் தந்தி வந்தது. மெஷினில் மாட்டி அக்கா செத்துவிட்டாள். அம்மா அப்போது விஷக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்பா மட்டும் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அவர் அந்தத் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே இரண்டு சேலை, ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு. அம்மா காய்ச்சல் தெளிந்து எழுந்ததும் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். பெட்டியின் அடிவரை கையை விட்டுத் தடவினாள்.

"என் துணி எங்க?"

அவளோடயே பொதச்சாச்சு என்றார் அப்பா. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மாவின் வாழ்க்கை அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டது. மெஷினில் மாட்டியது எது? தலைமுடியா, அந்தத் துணியா? தலைமுடிதான் என்று அப்பா சொன்னார். பார்த்தவர்கள் சொன்னார்கள் என்றார். யார் பார்த்தது என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அத்தானைக் கேட்கலாம் என்றால் அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு எங்கோ போய்விட்டார். அம்மா வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், திடீரென்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே கேட்பாள். புதிதாகத் தலைத்துணி வாங்கவில்லை. இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் ஒரு துண்டை வெட்டி, மடித்து, கயிறு உறுத்தாமலிருக்க உச்சியில் வைத்துக்கொண்டு கொழுந்தெடுத்தாள். மழையில் முதுகெல்லாம் நனையும். நனையட்டும் என்பாள்.

கடைசியில் அப்பா ஒரு வாதம் கண்டுபிடித்தார். "நீ எத்தன வருசமா குனிஞ்சு கொழுந்தெடுத்த? ஒரு நாளாச்சும் அந்தத் துணி முன்னால வந்து விழுந்துச்சா? அது முதுகுலதான தொங்கும். மெஷின் முன்னாலதான இருக்கு."

அம்மா அதை எண்ணிப் பார்த்தாள். செடி மேல் நாள் முழுக்க வளைந்து நின்றவள் அவள். துணி ஒருநாளும் முன்னால் விழுந்ததில்லை. அது உண்மை. அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அதன் பிறகு எப்போது அந்தக் கேள்வி வந்தாலும் அப்பா அதையே சொல்வார், அம்மாவும் அடங்குவாள். அப்பா போன பிறகு அந்த வாதம் எனக்குச் சொத்தாக வந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. நான் கொழுந்து பறித்தவள் இல்லை, என்னைப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய ஆள், அவரும் கூடை சுமந்ததில்லை. நாங்கள் இரண்டு பேருமாகத்தான் அம்மாவுக்குக் கூடையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

அருங்காட்சியகத்தின் வாசலிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேயிலைக்காரி வேஷம் போட்டுப் படம் எடுக்கும் கடை ஒன்றைப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். வண்ணச் சேலை, பாசிமணி, புதுக் கூடை. ஒரு பக்கம் பஞ்சாலை, மறுபக்கம் தேயிலை, நடுவில் ஐஸ்கிரீம் வண்டி. எங்கள் குடும்பத்தின் இரண்டு பாதியையும் ஒரே வளாகத்தில் வைத்து டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். ஒரு தூசி இல்லை. பஞ்சாலையில் இருந்த ஒன்றே ஒன்று அந்தத் தூசிதான், அதைத் துடைத்துவிட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் ஷிப்டுச் சங்கு ஊதியது, குழந்தைகள் மாற்றி மாற்றி அழுத்தினார்கள். தொழிலாளி வீடு என்று ஒரு அறை. பித்தளைக் குடம், சாமி படம், மடிப்புக் கலையாத பாய். கழுத்து நீண்ட ஜவுளிக்கடைப் பொம்மை ஒன்று நூல் சேலை கட்டி, உதட்டுச் சாயத்தோடு நூல் சுற்றிய பாபினைப் பிடித்துக்கொண்டு நின்றது. அம்மா அதன் முன்னால் நின்று முகத்தை உற்றுப் பார்த்தாள். எனக்கு அந்தப் பொம்மையைத் தள்ளி உடைக்க வேண்டும் போலிருந்தது.

சுற்றிக் காட்டிய பெரியவர் இந்த இயந்திரங்கள் இருந்த மில்லிலேயே வேலை பார்த்தவராம், அக்காவின் மில் வேறு. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, தங்கமான மனுஷர். ஏனுங்கம்மா, பாத்து வாங்க, படி இருக்குதுங்க என்று அம்மாவைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். கடைசி அறையில் அந்த மெஷின் இருந்தது.

அறையின் நீளத்துக்கு ஒரு மெஷின். இரண்டு பக்கமும் வரிசையாக நூல் சுற்றும் கதிர்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளையாக நூல். பஞ்சு எப்படி இழையாகிறது, கதிர் எப்படிச் சுற்றுகிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. மெஷினின் கோடிக்குப் போய்விட்டாள். அங்கே மோட்டாரும், சக்கரமும், அதைச் சுற்றி ஒரு பெல்ட்டும் இருந்தன. உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரியட்டும் என்பதற்காக மூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம் என்றார் பெரியவர். அந்தக் காலத்தில் பல மெஷினுக்கு மூடியே கிடையாது என்று சேர்த்துச் சொன்னார்.

"கூட்டுற பொண்ணு எங்கன நிப்பா?" என்று அம்மா கேட்டாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு அம்மா நின்ற இடத்தையே காட்டினார். "இந்தக் கோடியிலதானுங்க பஞ்சு நெறைய சேரும். குனிஞ்சு அடியில கைய உட்டுத்தானுங்க கூட்டோணும்."

அம்மா திரும்பி என் தோளிலிருந்த சால்வையை உருவினாள். நான் என்னவென்று கேட்பதற்குள், நெற்றியை ஒட்டித் தலையில் போட்டு முதுகில் தொங்கவிட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் தலையில் துணியைப் பார்க்கிறேன். அந்தக் கைக்கு எதுவும் மறக்கவில்லை, ஒரே வீச்சில் சரியாக விழுந்தது. தடுப்புக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் நுழைந்து, மெஷின் கோடியில் நின்று, குனிந்து, வலது கையை அடியில் விட்டுக் கூட்டுவதுபோல இழுத்தாள்.

சால்வை அவள் முதுகிலிருந்து சரிந்து தோளைத் தாண்டி முன்னால் விழுந்தது. பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நேர் எதிரே தொங்கியது.

அவள் நிமிர்ந்தாள். சால்வையை மறுபடி முதுகில் தள்ளிவிட்டு மறுபடி குனிந்தாள். மறுபடி விழுந்தது. "ஏனுங்கம்மா, அங்கெல்லாம் போவாதீங்க, கிரீஸ் ஒட்டிக்குமுங்க" என்றார் பெரியவர். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வைத்தியம், அதையே செய்தேன். சால்வை வழுக்குகிற துணி, கம்பளி, அதனால் விழுகிறது என்றேன். நீ காலமெல்லாம் குனிந்து கொழுந்தெடுத்தவள்தானே, உன் துணி ஒருநாளாவது முன்னால் விழுந்ததா என்றேன். அப்பாவின் குரலிலேயே சொன்னேன் என்று தோன்றுகிறது. அம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் இந்த முறை அவள் அடங்கவில்லை, குழம்பிப் போயிருந்தாள். தோட்டத்தில் விழாத துணி இங்கே ஏன் விழுகிறது என்ற குழப்பம். எனக்கும் அது புரியவில்லை. எப்படியாவது வெளியே கூட்டிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்றிருந்தது.

வெளியே படம் எடுக்கும் கடையில் ஒரு புதுப்பெண்ணுக்கு வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் துணியைப் போட்டு முதுகில் தொங்கவிட்டார்கள். பிறகு கூடையை முதுகில் வைத்து, அதன் கயிற்றைத் துணிக்கு மேலே, உச்சிக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து மாட்டினார்கள். கூடை பின்னால் இழுத்தது, கயிறு துணியைத் தலையோடு அழுத்திப் பிடித்தது. கடைக்காரப் பெண் குனியச் சொன்னாள். அந்தப் பெண் அங்கே நட்டிருந்த நாலு தேயிலைச் செடிமேல் வளைந்து, கொழுந்தைப் பறிப்பதுபோலச் சிரித்தாள். புருஷன்காரன் இன்னும் குனி, இன்னும் குனி என்று படம் எடுத்தான்.

துணி அசையவில்லை.

அம்மா நடையை நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து, கூடையைக் கழற்றி, துணியையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் தன் கையை எடுத்து, முடியில்லாத அந்தப் பட்டைமேல் வைத்து அழுத்தினாள்.

"கயிறுதான் புடிச்சிருந்திருக்கு புள்ள" என்றாள். "கூடையில்லாம துணிய மட்டும் குடுத்து அனுப்பிட்டேன்."

அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அவள் அழவில்லை. இத்தனை வருஷமாகத் தேடிய பொருள் ஒன்று வீட்டிலேயே கிடைத்துவிட்டதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். கூடை சுமக்க வேண்டாம் என்றுதானே மகளை மில்லுக்கு அனுப்பினாள். அப்பா விட்டுப்போன அந்த ஒரே வாதமும் தீர்ந்துவிட்டது. துணிதான் மாட்டியது என்று அவருக்குத் தெரியுமோ, தெரிந்துதான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாரோ, இனிமேல் யாரைக் கேட்பது?

கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்து, நீங்களும் கூடை மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மாவை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீயை அவள் தொடவில்லை. ஊட்டியில் பஸ் மாறி உட்கார்ந்தபோது தூறல் போட்டது, ஜன்னல் சரியாக மூடவில்லை. சால்வையை அவள் பக்கம் நீட்டக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கூடலூர் வரும்வரை அம்மா உச்சியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.